தில்லைக் கோபுரங்களும் சிற்பக் கல்வியும்

தில்லை என்னும் திருப்பெயரைக் கேட்ட அளவிலே அன்பர் உள்ளத்தில் எழுவது ஆடல்வல்லானின் எடுத்த பொற்பாதமே ஆகும். அத்திருவடியை உலகம் கண்டு தொழுமாறு வார்த்தும் செதுக்கியும் வழங்கிய கைகளை நினைப்பவர் சிலரே. கும்பாபிடேகப் பெருநாளில் கலசத்தின்மீது புனித நீர் பொழியும்போது குருக்களையும் திருப்பணிச் செல்வர்களையும் போற்றுகின்றோம். விமானத்தின் உச்சியில் நின்று கலசத்தை நிலைநிறுத்திய ஸ்தபதியாரோ மாலையும் மரியாதையும் பெற்றுக்கொண்டு அடுத்த ஊர்த் திருப்பணிக்குப் புறப்பட்டு விடுகின்றார். அவர் கற்ற கல்வி எத்தகையது, அது எவ்வழியாக வந்தது, பரம்பரை விட்டுக் கல்லூரிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் எவ்வாறு சென்றது, நாளை அது யாரிடத்தில் வாழும் என்பவற்றை ஆராய்தல் திருப்பணியில் ஈடுபட்டோர் அனைவர்க்கும் பயன் தருவதாகும். அவ்வாராய்ச்சிக்குக் கடலூரும் சிதம்பரமும் சூழ்ந்த இந்நிலப்பகுதியை விடச் சிறந்த களம் வேறில்லை.

கைத்தொழிலும் அடியார் நெறியும்

சேக்கிழார் பெருமான் திருத்தொண்டர் வரலாற்றைத் தில்லையிலே அருளிச் செய்தார். அதில் தில்லைவாழ் அந்தணர்க்கு அடுத்து வைத்துப் பாடப்பெற்றவர் திருநீலகண்ட நாயனார். அவர் தில்லையில் வாழ்ந்த குயவர். சக்கரத்தைச் சுழற்றி மண்ணை வனைந்து, சிவனடியார்க்குத் திருவோடு அளிப்பதையே தொண்டாகக் கொண்டவர். மண்ணும் கையும் மனமும் ஒன்றிய தொழிலையே வழிபாடாக ஏற்றுக்கொண்ட ஊர் தில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

கடலூரைச் சார்ந்த திருப்பாதிரிப்புலியூருக்கும் ஒரு சிறப்புண்டு. கல்லொடு பிணித்துக் கடலில் எறியப்பெற்ற அப்பர் பெருமான், அக்கல்லே தெப்பமாக மிதக்கக் கரையேறிய தலம் அது. கல்லைக் கண்டால் அமிழ்த்தும் பாரம் என்பது உலகியல். தாங்கும் துணை என்பது அருளியல். சிற்பியும் கல்லை இவ்விரண்டாம் கண்ணோடுதான் நோக்குகின்றான்.

திருமுதுகுன்றமாகிய விருத்தாசலத்தின் தலவரலாறோ திருப்பணி செய்விப்போர் மறவாது போற்றத் தக்கது. விபசித்து முனிவர் திருக்கோயிற் பணியைத் தொடங்கியபோது, வேலை செய்தவர்க்கு வன்னிமரத்தின் இலைகளைக் கூலியாக அளித்தார் என்றும், அவ்விலைகள் அவரவர் செய்த வேலையின் அளவுக்கு ஏற்பப் பொன்னாக மாறின என்றும் அன்பர் வழங்குவர். உழைத்தவனுக்கு உழைத்த அளவு கிடைத்தல் வேண்டும் என்பதும், அக்கணக்கை இறைவனே பார்க்கின்றான் என்பதும் இவ்வரலாற்றின் கருத்தாகும்.

வடக்குக் கோபுரத்து நால்வர்

தில்லைத் திருக்கோயிலின் நான்கு பெருங்கோபுரங்களும் பல்வேறு காலத்து மன்னர்களாலும் செல்வர்களாலும் எழுப்பப்பெற்றும் புதுக்கப்பெற்றும் வந்தவை. அவற்றுள் வடக்குக் கோபுரத்தை விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் தம் கலிங்க வெற்றிக்குப் பின்னர், 1516 ஆம் ஆண்டை ஒட்டி, எழுப்பினார் என்று கல்வெட்டுக் கூறுகின்றது. கூப்பிய கையினராய் நிற்கும் அப்பேரரசரின் திருவுருவம் அக்கோபுர வாயிலில் உள்ளது. கோயிலுக்குச் செல்வோர் பலர் அதனைக் கண்டிருப்பர்.

அதே கோபுரத்தில் வேறு நால்வர் உருவங்களும் உள்ளன. அவர்கள் அரசரல்லர், அமைச்சரல்லர், கோபுரப் பணி செய்த ஸ்தபதியர். அவர்கள் பெயர்கள் உருவங்களின் அருகே பொறிக்கப் பெற்றிருக்கின்றன. ஒருவர் பெயர் விருத்தகிரி என்னும் ஊர்ப்பெயரோடு சேர்ந்து வருகின்றது. விருத்தகிரி என்பது விருத்தாசலமே ஆகும். அவர் அருகே அவருடைய மகன் விசுவமுத்து. மற்றொருவர் திருப்பிறைக்கோடை ஆசாரி திருமருங்கன். நான்காமவர் அத்திருமருங்கனின் தம்பி. செய்தவன் பெயரைச் சொல்லாது மறைந்து நிற்பதே நம் சிற்பிகளின் மரபு என்பர். அம்மரபுக்கு விலக்காக, அரசன் நின்று தொழும் கோபுரத்திலேயே அதனை ஆக்கியோரும் இடம்பெற்றது தில்லைக்கே உரிய பெருமையாகும்.

அந்நால்வரின் உறவு முறையைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தந்தையும் மகனும், அண்ணனும் தம்பியும். அக்காலத்துச் சிற்பப் பல்கலைக்கழகம் எது என்ற வினாவிற்கு இச்சிலைகளே விடை கூறுகின்றன. குடும்பமே கல்லூரி, தந்தையே பேராசிரியர், திருப்பணி நடக்கும் இடமே பட்டறை, கும்பாபிடேகமே பட்டமளிப்பு விழா.

அக்கல்வியின் முறை

அக்குடும்பக் கல்வி வெறும் கைப்பழக்கம் என்று எண்ணுதல் பிழையாகும். சிறுவன் முதலில் உளி தீட்டவும், சுத்தி பிடிக்கவும், கல்லின் ஓசை கேட்டு அதன் தன்மை அறியவும் பழகினான். மணியோசை எழுப்பும் கல் எது, மந்த ஓசை எழுப்பும் கல் எது, மூலத்திருமேனிக்கு எது, பீடத்துக்கு எது என்று தரம் பிரித்தறிதல் முதற்பாடம். அதன்பின் நூல் பிடித்துக் கோடு கிழித்தல். பின்னர்த் தாளம் எனப்படும் அளவு முறை.

இவ்வளவு முறையின் நுட்பம் வியக்கத் தக்கது. சிவபெருமான், திருமால் முதலிய பெருந்தெய்வத் திருமேனிகளுக்கு உத்தம தசதாளம் என்றும், தேவியர் திருமேனிகளுக்கு மத்திம தசதாளம் என்றும் சிற்பநூல்கள் விதிக்கின்றன. முன்னதற்கு 124 அங்குலம். பின்னதற்கு 120 அங்குலம். இவ்வங்குலம் கடையில் விற்கும் அளவுகோலின் அங்குலம் அன்று. செய்யவிருக்கும் திருமேனியின் உயரத்தையே 124 ஆகவோ 120 ஆகவோ பகுத்தால் வரும் ஒரு பங்கே அங்குலம். ஆகவே ஒரு சாண் உயரச் செப்புத் திருமேனியும், ஓராள் உயரக் கற்சிலையும் அளவால் வேறுபட்டும் பொருத்தத்தால் ஒன்றேயாய் விளங்குகின்றன. பனை ஓலையையோ தென்னை ஓலையையோ திருமேனியின் உயரத்துக்கு நறுக்கி, அதனை மடித்து மடித்தே இப்பங்குகளைக் காணும் வழக்கம் சுவாமிமலைச் சிற்பியரிடம் இன்றும் உண்டு.

செப்புத் திருமேனி வார்க்கும் முறை மற்றொரு பாடம். தேன்மெழுகொடு குங்கிலியமும் எண்ணெயும் கூட்டிக் காய்ச்சி, அதனால் திருமேனியை முதலில் மெழுகில் உருவாக்குவர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மேலும் மேலும் களிமண் சாத்திக் கருவாக்குவர். அக்கருவைச் சூடேற்ற மெழுகு உருகி ஓடிவிடும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்ப்பர். ஆறியபின் மண்ணை உடைத்தால் திருமேனி வெளிப்படும். ஒரு கருவில் ஒரு திருமேனியே பிறக்கும். மற்றொன்று வேண்டின் மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்குதல் வேண்டும். தில்லைக் கூத்தன் திருவுருவை உலகெங்கும் கொண்டு சென்றது இக்கலையே. ஐரோப்பாவில் செனீவா நகரை அடுத்த செர்ன் அணு ஆராய்ச்சி நிலையத்துக்கு 2004 ஆம் ஆண்டு இந்திய அரசு அளித்த 2 மீட்டர் உயர நடராசர் திருவுருவம், இயற்கையின் இயக்கத்தை ஆராயும் அறிஞர்களின் வாயிலில் இன்று நின்றாடுகின்றது.

இவ்வளவு சிறந்த குடும்பக் கல்விக்கும் ஒரு குறை இருந்தது. மகன் இல்லாத வீட்டிலோ, மகன் வேறு தொழிலுக்குச் சென்ற வீட்டிலோ, ஆதரிக்கும் செல்வர் இல்லாத ஊரிலோ அது நின்று போயிற்று. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல்தளத்தில் இறைவனே ஆடிக்காட்டுவதாக அமைந்த கரணச் சிற்பங்களைக் கண்டோர் இதனை உணர்வர். 108 கரணங்களுள் 81 கரணங்களே அங்கே செதுக்கப் பெற்றுள்ளன. எஞ்சிய 27 கற்கள் உளி படாமலே நிற்கின்றன. காரணம் எதுவாயினும், அக்கற்கள் காண்போர்க்கு உணர்த்தும் செய்தி ஒன்றே. அரசும் செல்வமும் அறிவும் ஒருங்கு கூடிய இடத்திலும் ஒரு பணி இடையில் நிற்கக் கூடும் என்பதே அது.

புதிய பள்ளிகளின் தோற்றம்

ஆங்கிலேயர் ஆட்சியில் அரசர் ஆதரவு குன்றவே, சிற்பக் குடும்பங்கள் பல நலிந்தன. அதே காலத்தில் கைவினையைப் பள்ளியில் வைத்துக் கற்பிக்கும் புதுமுறை தோன்றியது. 1850 ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. இன்று அரசு கவின்கலைக் கல்லூரி என விளங்குவது அதுவே. வரைதல், மட்கலம் வனைதல், செதுக்குதல் முதலியன ஆங்கே கற்பிக்கப் பெற்றன. ஆயினும் அங்கே மாணவர்க்கு முன்மாதிரியாக வைக்கப்பட்டவை பெரும்பாலும் மேனாட்டு வடிவங்களே. கோயிற் சிற்பியின் அளவு முறைக்கு அப்பாடத்திட்டத்தில் உரிய இடம் கிட்டவில்லை.

1884 ஆம் ஆண்டில் அப்பள்ளியின் தலைவராக வந்த ஈ. பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், இந்நாட்டுக் கைவினைஞரிடமே கற்கவேண்டியது மிகுதி என்று உணர்ந்து எழுதினார். கொழும்பில் தமிழ்க் குடியில் தோன்றிய ஆனந்த குமாரசுவாமி, இந்தியக் கைவினைஞரின் வாழ்வையும் நெறியையும் பற்றி 1909 இல் நூல் வெளியிட்டார். 1918 இல் வெளிவந்த அவருடைய சிவநடனக் கட்டுரைத் தொகுதி, ஆனந்தத் தாண்டவத்தின் உட்பொருளை மேலைநாட்டார்க்கு விளக்கியது. தில்லைச் சிற்றம்பலத்தின் தத்துவம் உலக அரங்கில் ஏறியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு.

1919 ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத் தக்கது. அவ்வாண்டில் செருமனி நாட்டு வைமார் நகரில், கலைஞனையும் கைவினைஞனையும் பிரித்தல் தகாது என்னும் கொள்கையோடு பவ்ஹவுஸ் என்னும் கல்லூரி தோன்றியது. அங்கே மாணவன் ஓவியரிடமும் பட்டறை ஆசானிடமும் ஒருங்கே பயின்றான். அதே ஆண்டில் வங்கத்துச் சாந்திநிகேதனத்தில் கவி இரவீந்திரர் கலாபவனத்தை அமைத்தார். கையால் ஆக்குவதும் அறிவால் ஆராய்வதும் ஒரே கல்வியின் இரு கூறுகள் என்பதை அந்த நூற்றாண்டில் உலகம் புதிதாகக் கண்டது. வடக்குக் கோபுரத்து நால்வரோ அதனை நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னரே வாழ்ந்து காட்டியவர்கள்.

கோயிற் கொடை கல்வியாக மலர்ந்தது

தில்லையின் வரலாற்றில் கொடையும் கல்வியும் பிணைந்த முறை தனிச் சிறப்புடையது. கிழக்குக் கோபுரத் திருப்பணியோடு தொடர்புடையவர் சென்னை வள்ளல் பச்சையப்ப முதலியார். 1754 இல் பிறந்து 1794 இல் மறைந்த அவர், தம் செல்வத்தின் பெரும்பகுதியைக் கோயில்களுக்கும் அறங்களுக்கும் எழுதி வைத்தார். அச்செல்வம் நெடுங்காலம் வழக்கில் கிடந்தது. பின்னர் வழக்கு முடிந்து, கோயில் அறங்களுக்குரியது போக எஞ்சிய பொருளைக் கல்விக்குப் பயன்படுத்த வழி பிறந்தது. அதன் பயனாக 1842 இல் சென்னையில் பச்சையப்பன் பள்ளி எழுந்து, பின்னர்க் கல்லூரியாகவும் வளர்ந்தது. தில்லைக் கூத்தனுக்கு ஆட்பட்ட ஒருவரின் கொடை பல்லாயிரம் மாணவர்க்கு எழுத்தறிவித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நகரத்தார் பெருமக்கள் தில்லைத் திருப்பணியை மேற்கொண்டனர். அக்குலத்துத் தோன்றிய அண்ணாமலைச் செட்டியார் 1920 இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். தமிழுக்கும் இசைக்கும் உரிய கல்லூரிகளும் அதனைத் தொடர்ந்து எழுந்தன. அவையனைத்தும் ஒன்றாகி 1929 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 2013 ஆம் ஆண்டு முதல் அது தமிழ்நாட்டு அரசின் நேரடிப் பொறுப்பில் நடைபெற்று வருகின்றது.

அப்பல்கலைக்கழகத்தின் இசைக் கல்வியே நம் ஆராய்ச்சிக்கு முதன்மையான முன்னுதாரணம். அந்நாள் வரை இசை குருகுலத்தில் வளர்ந்த கலை. வகுப்பும் மணியும் தேர்வும் வைத்து அதனைக் கற்பித்தல் இயலுமா என்று ஐயுற்றோர் பலர். ஆனால் சபேசையர், தஞ்சை நால்வர் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், எம். எம். தண்டபாணி தேசிகர் முதலிய பெரும்புலவர்கள் அங்கே ஆசிரியராக அமர்ந்தனர். பரம்பரையை ஒதுக்கிவிட்டுப் பல்கலைக்கழகம் நடைபெறவில்லை; பரம்பரையையே ஆசிரியர் பீடத்தில் அமர்த்தி நடைபெற்றது. அதனாலேயே அம்முயற்சி வேர் ஊன்றியது.

கற்சிற்பம் ஆராய்ச்சியாகி மீண்டும் கல்லான வரலாறு

தில்லைக் கோபுர வாயில்களின் உட்சுவர்களில் 108 கரணச் சிற்பங்கள் வரிசையாக அமைந்திருத்தல் யாவரும் அறிந்ததே. கிழக்குக் கோபுரத்தில் ஒவ்வொரு கரணத்தின் அருகிலும் பரதமுனிவரின் நாட்டிய நூலில் அதற்குரிய இலக்கணம் பொறிக்கப் பெற்றுள்ளது. விருத்தாசலம், திருவண்ணாமலைக் கோபுரங்களிலும் கரணங்கள் உண்டு. ஆயினும் சிற்பத்தோடு இலக்கணமும் சேர்ந்து நிற்பதால் தில்லைக் கோபுரம் கல்லால் ஆகிய பாடநூலாக விளங்குகின்றது.

இப்பாடநூலை அறிஞர் உலகம் படிக்கத் தொடங்கியது இருபதாம் நூற்றாண்டில். 1914 ஆம் ஆண்டுக் கல்வெட்டுத் துறை அறிக்கையில் இக்கரணங்கள் இடம்பெற்றன. 1936 இல் நாராயணசாமி நாயுடு முதலிய மூவர் தில்லைச் சிற்பங்களின் படங்களோடு தாண்டவ இலக்கணத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். பின்னர் நாட்டியக் கலைஞர் பத்மா சுப்பிரமணியம் கரணங்களை ஆராய்ந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வு 1979 இல் நூலாக வெளிவந்தது. கரணம் என்பது ஓர் அசையா நிலை அன்று, அது ஓர் அசைவின் அலகு; சிற்பி அவ்வசைவின் ஒரு கணத்தையே கல்லில் பிடித்து வைத்தான் என்பது அவர் கண்ட முடிபு.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. மராட்டிய நாட்டுச் சதாராவில் காஞ்சிப் பெரியவரின் விருப்பப்படி உத்தர சிதம்பரம் என்னும் நடராசர் கோயில் எழுந்தபோது, பத்மா சுப்பிரமணியம் தம் ஆராய்ச்சியின்படி 108 கரணங்களுக்கும் புதிய வடிவம் வகுத்துக் கொடுத்தார். சிற்பிகள் அவற்றைக் கல்லில் வடித்தனர். தில்லைக் கல்லில் இருந்த கலை பல்கலைக்கழகத்தில் அறிவாகி, அவ்வறிவு வேறொரு நாட்டில் மீண்டும் கல்லாயிற்று. பழையதைப் போற்றுதல் என்பது பழையதைப் பெட்டியில் வைத்துப் பூட்டுதல் அன்று என்பதற்கு இதுவே தக்க சான்றாகும்.

மாமல்லையில் எழுந்த சிற்பக் கல்லூரி

இசைக்கு 1929 இல் கிடைத்த பேறு சிற்பத்துக்கு 1957 இல் கிடைத்தது. காமராசர் முதலமைச்சராக இருந்த அக்காலத்தில், மாமல்லபுரத்தில் அரசின் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப் பெற்றது. பல்லவர் கல்லைக் குடைந்து கோயில் கண்ட ஊரிலேயே அது அமைந்தது மிகப் பொருத்தமாகும். அதன் முதல் தலைவராக வந்தவர் பிள்ளையார்பட்டி மரபைச் சேர்ந்த வைத்தியநாத ஸ்தபதியார். அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்றவர் அவருடைய மகன் கணபதி ஸ்தபதியார். வடக்குக் கோபுரத்தில் கண்ட தந்தையும் மகனும் என்னும் அதே உறவு, புதிய கல்லூரியின் வாயிலிலும் நின்றது நினைந்து மகிழத் தக்கது.

கணபதி ஸ்தபதியார் 1927 இல் பிறந்தார். காரைக்குடி அழகப்பா கல்லூரியில் கணிதம் பயின்று பட்டம் பெற்றார். தந்தையிடம் தாள முறையும் கல்லூரியில் கணித முறையும் கற்ற அவர், சிற்பநூற் கணக்கைப் புதிய கல்வியின் மொழியில் விளக்க வல்லவராயினார். பழனித் திருக்கோயிலில் ஸ்தபதியாகப் பணியாற்றியபின் மாமல்லைக்கு வந்து, கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்நிறுவனத்தை நடத்தினார். 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பெற்ற கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை அவர் ஆக்கமே. பீடமும் சிலையும் சேர்ந்து 133 அடி உயரமுடைய அதனை, கடலலையும் காற்றும் மோதும் பாறைமேல், கல்லைக் கல்லோடு பூட்டும் பழைய முறையில் அவர் நிறுவினார். அமெரிக்காவைச் சேர்ந்த அவாய்த் தீவுகளுள் ஒன்றான கௌவாயில் முழுதும் கருங்கல்லால் எழுந்த இறைவன் கோயிலையும் அவரே வகுத்தார். 2009 இல் பத்மபூசண் விருது பெற்ற அவர் 2011 இல் இறைவனடி சேர்ந்தார்.

பயிற்சி நிலையமாகத் தொடங்கியது பின்னர் அரசினர் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக உயர்ந்து, பல்கலைக்கழகப் பட்டமும் வழங்கலாயிற்று. தமிழ்நாட்டில் இசைக்கும் கவின்கலைக்கும் என 2013 இல் தனிப் பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றதை அடுத்து, அதனோடு இக்கல்லூரி இணைந்துள்ளது. மரபுக் கட்டடக்கலை ஒரு பிரிவாகவும், கல், உலோகம், சுதை, மரம் ஆகியவற்றால் செய்யும் சிற்பக்கலைகள் தனித்தனிப் பிரிவுகளாகவும், மரபு ஓவியம் மற்றொரு பிரிவாகவும் நான்கு ஆண்டுகள் கற்பிக்கப் பெறுகின்றன. எக்குடியில் பிறந்தவரும், ஆடவரும் பெண்டிரும் அங்கே உளி பிடிக்கலாம். ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன் விருத்தகிரித் தந்தை தம் மகனுக்கு மட்டுமே சொல்லக்கூடிய நுட்பத்தை இன்று கற்கும் ஆர்வம் உடைய எவரும் கேட்கலாம். இது சிறு மாற்றம் அன்று.

திருநீலகண்டர் தொழிலுக்கும் இந்நாளில் கல்வி நிலையம் வாய்த்தது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென ஒரு தொழில்நுட்பப் பயிற்சி நிலையம் அமைந்து, மண்ணைப் பதப்படுத்தலையும் சூளையின் வெப்பத்தையும் முறையாகக் கற்பித்தது.

ஐயமும் விடையும்

இங்கே நேர்மையோடு எழுப்பத்தக்க ஐயம் ஒன்றுண்டு. நான்கு ஆண்டில் ஒருவர் ஸ்தபதியாதல் கூடுமா? பரம்பரைச் சிற்பியர் சிலர் கூடாது என்பர். குழந்தைப் பருவம் முதல் கல்லின் தூளிலே வளர்ந்தவனுக்கு வரும் கைத்திறம் பதினெட்டு வயதில் தொடங்குபவனுக்கு வாராது என்பது அவர் வாதம். அதில் உண்மை உண்டு. உளியைச் சாய்க்கும் கோணத்தை எந்த நூலும் கற்பிக்க இயலாது. பல்லாயிரம் முறை தட்டிப் பழகிய கையே அதனை அறியும்.

மற்றொரு பக்கமும் உண்மை உண்டு. பரம்பரையையே நம்பியிருந்தால், நகரத்தில் வேறு வேலை தேடிச் சென்ற மகனோடு அக்கலையும் சென்றுவிடும். நூலறிவு இல்லாத கைத்திறம், பார்த்த உருவத்தையே மீண்டும் செய்யும். ஏன் அவ்வளவு, ஏன் அவ்வமைதி என்று கேட்டால் விடை கூறாது. கைத்திறம் இல்லாத நூலறிவோ அளவைச் சொல்லும். ஆனால் கல்லில் கண் திறக்க அறியாது. ஆதலின் இவ்விரண்டும் கூடும் இடமே தேவை. கல்லூரியில் பயின்ற இளைஞர் பட்டம் பெற்றபின் ஒரு மூத்த ஸ்தபதியாரின்கீழ்ச் சில திருப்பணிகளில் நின்று பணி செய்யின் அக்கூட்டம் நிகழும். ஏட்டுக் கல்விக்கும் பட்டறைக் கல்விக்கும் இடையே உள்ள பாலம் திருப்பணியே ஆகும்.

பாலம் திருப்பணியே என்றால், அதனை அமைப்பவர் யாவர்? கொடையாளரே. இங்கேதான் இவ்வரலாறு அன்பர் அனைவர் கையிலும் வந்து நிற்கின்றது.

கொடையாளர் கடன்

கும்பாபிடேகத்துக்கு நாள் குறித்தவுடன் பணி விரைந்து முடிதல் வேண்டும் என்னும் ஆர்வம் எழுதல் இயல்பு. சுண்ணாம்பைக் கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துப் புளிக்க வைத்து அரைத்துச் சுதை வேலை செய்யத் திங்கள் பல ஆகும். சிமிட்டியால் சில நாளில் முடிக்கலாம். பழைய சுதை உருவத்தில் சிதைந்த விரலை மட்டும் திருத்துவது அரிய வேலை. உருவம் முழுவதையும் இடித்துவிட்டுப் புதிதாக வைப்பது எளிய வேலை. கல்லின்மேல் வண்ணம் பூசினால் கண்ணுக்குப் புதிதாகத் தோன்றும். அடியில் உள்ள நுண்ணிய வேலையும் எழுத்தும் மறைந்து போகும். எளிய வழியையே எங்கும் தேர்ந்தால், சுதை பயின்ற மாணவனுக்குச் சுதை வேலை கிடைக்காது. அவன் தங்கும் விடுதிகளின் முற்றத்துக்குப் பொம்மை செய்யப் போவான். அவனைக் குறை கூறுதல் தகாது. வேலை தாராதவரே அக்கலையைக் கைவிட்டவர் ஆவர்.

ஆகவே திருப்பணிக் குழுவினர் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம். பழைய பணியைத் தொடுவதற்கு முன் அதனைப் படம் எடுத்தும் அளந்தும் பதிவு செய்தல் வேண்டும். எதனைக் காத்தல் கூடும், எதனைப் புதுக்குதல் வேண்டும் என்பதை முறையாகக் கற்ற ஸ்தபதியாரிடம் கேட்டறிதல் வேண்டும். நாள் குறிப்பதில் பணியின் காலத்தையும் கணக்கில் சேர்த்தல் வேண்டும். ஒவ்வொரு திருப்பணியிலும் கல்லூரியில் பயின்ற இளைஞர் ஓரிருவரையேனும் மூத்த ஸ்தபதியாரோடு சேர்த்தல் வேண்டும். கொடைப் பொருளில் ஒரு சிறு பகுதியைச் சிற்பம் பயிலும் ஏழை மாணவரின் உணவுக்கும் கருவிக்கும் ஒதுக்குதல் பேரறமாகும். பச்சையப்பர் கொடை பள்ளியாகிய வரலாற்றை அறிந்தோர், கோயிற் கொடையும் கல்விக் கொடையும் வெவ்வேறு என்று கருதார்.

திருப்பணி நிறைவுக் கல்வெட்டில் கொடையாளர் பெயரோடு ஸ்தபதியார் பெயரையும் பொறித்தல் இன்னும் ஒன்று. இது புதுமை அன்று. கிருட்டிணதேவராயர் காலத்துக் கோபுரமே இதற்கு முன்மாதிரி. பேரரசரின் புகழ் அதனால் குறையவில்லை. ஐந்நூறு ஆண்டுக்குப்பின் விருத்தகிரி ஊரினரையும் விசுவமுத்துவையும் திருமருங்கனையும் பெயர் சொல்லி நினைக்கும் பேறு நமக்கு அதனாலேயே வாய்த்தது.

பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நிகழ்தல் வேண்டும் என்பது நம் முன்னோர் வகுத்த வழக்கம். அட்டபந்தன மருந்து தளர்வதும், சுதை வெடிப்பதும், மழைநீர் கசிவதும் அதற்குரிய வெளிக்காரணங்கள். உட்காரணம் மற்றொன்றும் உண்டு போலும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊர்தோறும் பணி நிகழின், ஒரு தலைமுறைக்குள் இருமுறையேனும் சிற்பிக்கு அந்த ஊரில் வேலை உண்டு. தந்தை செய்ததை மகன் பார்ப்பான், ஆசிரியர் செய்ததை மாணவன் பழகுவான். கோபுரத்தைப் புதுக்கும் அவ்வழக்கமே கோபுரம் கட்டும் அறிவையும் புதுக்கி வந்தது.

தில்லைப் பெருங்கோயிலில் 2015 ஆம் ஆண்டு மே முதல் நாள் நிகழ்ந்த குடமுழுக்கைக் கண்டோர், இனி வரும் குடமுழுக்குகளையும் தம் மக்களோடும் பேரரோடும் காண்பர். அந்நாளில் கலசத்தருகே ஏறி நிற்கும் கைகள் இன்று ஏதோ ஒரு பட்டறையிலோ கல்லூரியிலோ உளி தீட்டப் பழகிக்கொண்டிருக்கும் இளங்கைகளே. அக்கைகளுக்கு வேலையும் கல்வியும் மதிப்பும் குறைவின்றிக் கிடைக்குமாறு செய்தல், ஆடல்வல்லானுக்குச் செய்யும் திருப்பணிகளுள் ஒன்றேயாகும். வன்னி இலையை உழைப்பின் அளவுக்குப் பொன்னாக்கிய முதுகுன்றத்து இறைவனும், குயவர்க்கு முத்தி அருளிய தில்லைக் கூத்தனும் அத்தொண்டுக்குத் துணைநின்று அருள்வார்களாக.